முழுங்கறாளான்னு பாத்துக்கோங்க

ஏப்ரல் 19, சனி

காலை ஆறு மணியிலிருந்து பிள்ளைக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. ஒன்பது மணிக்கு ஆபரேஷன் என்றார்கள். ஒன்பதரைக்குப் போய்க் கேட்டேன், "இதோ சார்" என்றார்கள். பத்தரைக்குக் கேட்டேன், அதே "இதோ". பதினொன்றேகாலுக்குத்தான் உள்ளே கொண்டுபோனார்கள். என் ஆபீஸில் எவனாவது இப்படி இதோ இதோ என்று இழுத்தால் மெமோ கொடுத்திருப்பேன்.

கனிஷ்காவுக்கு ஒன்பது வயது. ஒரு வருஷத்தில் ஏழு தடவை காய்ச்சல், ஏழு தடவையும் தொண்டை வீங்கித்தான். தூங்கினால் குறட்டை; நடுவில் மூச்சு நின்று நின்று வரும். டான்சிலை எடுத்தே ஆகவேண்டும் என்றார் டாக்டரம்மா. டாக்டரம்மா என்றால் என் அக்கா மகள் வயசு இருக்கும். கையெழுத்துப் போடும்போதே எனக்கு எரிச்சல்தான்.

எடுத்ததைப் பாட்டிலில் போட்டுக் காட்டினார்கள். இரண்டு முந்திரிக்கொட்டை அளவு. இதற்கா இத்தனை நாள் தூங்காமல் கிடந்தோம் என்று இருந்தது.

இது டிபார்ட்மெண்ட் டைரி. நான் நகராட்சியில் சானிட்டரி இன்ஸ்பெக்டர். இருபத்திரண்டு வருஷமாக எந்தச் சாக்கடையைப் பார்த்தேன், யாருக்கு அபராதம் போட்டேன் என்று ஒரு நாள் விடாமல் எழுதுகிறேன். லீவு போட்டாலும் பக்கம் காலியாகக் கிடந்தால் கை அரிக்கிறது. அதனால் இதையும் எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

டிஸ்சார்ஜ். பில் கட்ட மாடியிலிருந்து இறங்கும்போது, வெள்ளையடித்துப் பத்து நாள்கூட ஆகாத சுவர் மூலையில் ஒருவன் பான்பராக் எச்சிலைப் புளிச்சென்று துப்பினான். ஆஸ்பத்திரியில்! விடுவேனா? சட்டையைப் பிடிக்காத குறையாக நிறுத்தி, வாட்ச்மேனைக் கூப்பிட்டு, பக்கெட் கொண்டுவரச் சொல்லி, அவன் கையாலேயே கழுவ வைத்தேன். இருபது நிமிஷம் ஆனது. மேலே போனால் சிஸ்டர் எல்லாம் சொல்லி முடித்துவிட்டாள், என் மனைவி சுகுணா மட்டும் கேட்டிருக்கிறாள்.

எனக்கென்று ஒரு தாள் கொடுத்தாள் சிஸ்டர். இரண்டு பக்கம், முழுக்க இங்கிலீஷ். தமிழ்நாட்டில் ஆஸ்பத்திரி வைத்துக்கொண்டு தமிழில் ஒரு தாள் அடிக்கத் துப்பில்லையா? கேட்டேன். "மேனேஜ்மெண்ட்ல சொல்றேங்க சார்" என்றாள். தமிழில் வரட்டும், அப்போது படிக்கிறேன் என்று மடித்து ஃபைலில் வைத்துவிட்டேன்.

சுகுணாவுக்கு நாளையிலிருந்து பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாம். விடிகாலை பஸ் பிடித்து நாற்பது கிலோமீட்டர் போக வேண்டும். உள்ளே போன் கூடாது. டான்சில் என்று எழுதிக் கொடுத்தும் விலக்குத் தரவில்லை அந்தப் புண்ணியவான்கள். பகலெல்லாம் நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சாயங்காலம் மருந்து பாட்டில்களை வரிசையாக வைத்துக்கொண்டே சொன்னாள். "சிஸ்டர் ரொம்ப முக்கியமாச் சொன்னாங்க. புள்ள அடிக்கடி முழுங்கறாளான்னு பாத்துக்கோணுமாம். தூங்கறப்பக்கூட. ஏன்னா..."

"இருபத்திரண்டு வருஷம் சுகாதாரத்துல இருக்கறவனுக்கு நீ ஏன்னு சொல்லித் தராத" என்றேன். முகாம் அதிகாரி போன் வந்தது, எழுந்து போய்விட்டாள்.

தூங்கும்போது எப்படி முழுங்குவாள்? இந்த நர்ஸுகளுக்கு வாய்க்கு வந்ததெல்லாம் வைத்தியம்.

ஏப்ரல் 21, திங்கள்

முதல் நாளே ரகளை.

டைரியின் கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டேன். நேரம், என்ன கொடுத்தது, எத்தனை முழுங்கு. எட்டு மணிக்கு இளநீர், இரண்டு முழுங்கு. ஒன்பதரைக்கு ஆறின சவ்வரிசிக் கஞ்சி, ஒன்று. பதினொன்றுக்கு வெண்ணிலா ஐஸ்கிரீம், மூன்று. பிள்ளை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், இறக்க மாட்டேன் என்கிறாள். கண்ணில் தண்ணீர் நிற்கிறது.

"முழுங்கு கனி. முழுங்குனாத்தான் புண்ணு ஆறும்."

"வலிக்குதுங்கப்பா."

"வலிக்காம என்ன பண்ணும்? முழுங்கு."

மத்தியானம் என் அக்கா பாப்பாத்தி வந்தாள், கையில் தூக்குப்போசி நிறைய மிளகு ரசம், ஆவி பறக்க. அறுத்த தொண்டையில் கொதிக்கிற ரசத்தை ஊற்றப் பார்த்தாள்! ஐஸ்கிரீம் டப்பாவைப் பார்த்ததும், "ஏந்தம்பி, புள்ளையக் கொல்லப் பாக்கறயா? சளி புடிச்சுக்கும்" என்று என்னையே கேட்டாள். ரசத்தை வாசல் செடிக்கு ஊற்றினேன். கோபித்துக்கொண்டு போய்விட்டாள். போகட்டும்.

இன்றைய மொத்தம், பதினேழு முழுங்கு. கேவலம்.

ஏப்ரல் 22, செவ்வாய்

காலையில் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தேன். இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. வாயிலிருந்து நாற்றம். நான் பார்க்காத நாற்றமா? சீழ் பிடித்துவிட்டது என்று தெரிந்துபோனது. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கத்தினேன். கருவிகளைக் கொதிக்க வைத்தீர்களா, தியேட்டரைக் கழுவினீர்களா, ரிப்போர்ட் எழுதட்டுமா என்று கேட்டேன்.

சிஸ்டர் பொறுமையாகச் சொன்னாள். "சார், அது சீழ் இல்லீங்க. கையில காயம் பட்டா பொருக்குக் கட்டுமுல்ல, தொண்டையில அது ஈரமா இருக்கறதால வெள்ளையாத் தெரியுது. எல்லாருக்கும் வரும். நாத்தமும் வரும். காய்ச்சல் ரொம்ப இருக்குதுங்களா?"

இல்லை.

"அப்பச் செரி. நல்லாத் தண்ணி குடிக்கச் சொல்லுங்க."

போனை வைக்கும்போது பின்னால் யாரோ சிரித்த சத்தம் கேட்டது. என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள்.

மொத்தம் இருபத்தொன்பது.

ஏப்ரல் 23, புதன்

இப்போது காது வலி. தொண்டையை அறுக்கச் சொன்னால் காதையும் கெடுத்து வைத்திருக்கிறார்கள்! பிள்ளை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுருண்டு கிடக்கிறாள்.

மறுபடி போன். அதே சிஸ்டர். தொண்டைக்கும் காதுக்கும் ஒரே நரம்பாம், தொண்டை வலிதான் காதில் தெரிகிறதாம், இதுவும் எல்லாருக்கும் வருமாம். ஐந்தாம் ஆறாம் நாளில் வலி இன்னும் கூடுமாம். அரை மணி கழித்து வலி மருந்து அளவு கேட்க மறுபடி கூப்பிட்டேன். "சார், இது மூணாவது தடவைங்க" என்றாள்.

மூணாவது தடவை! எண்ணி வைத்திருக்கிறாள். இனி அந்த நம்பருக்கு நான் போட்டால் என் பேர் சென்னியப்பன் இல்லை.

ஏப்ரல் 24, வியாழன்

கடைசியில் நம் கண்டிப்புக்குப் பலன் வந்தது. காலையிலிருந்து பிள்ளை தானாக முழுங்குகிறாள். நான் சொல்ல வேண்டியதே இல்லை. வாயில் ஒன்றும் இல்லாதபோதுகூட முழுங்குகிறாள். வாட்சை வைத்து எண்ணினேன். பத்தரை மணிக்கு நிமிஷத்துக்கு நான்கு. பன்னிரண்டு மணிக்கு ஐந்து. கட்டத்தில் புது வரிசை போட்டு எழுதினேன்.

மத்தியானம் தூங்கினாள். தொண்டை ஏறி இறங்கியது. தூக்கத்தில்கூட முழுங்குகிறாள்! சிஸ்டர் சொன்னது சரிதான் போலிருக்கிறது.

குறை என்றால், இளநீர் வேண்டாம் என்கிறாள், கஞ்சி வேண்டாம் என்கிறாள். "வயிறு ரொம்பியிருக்குதுங்க" என்றாள். இரண்டு கரண்டி கஞ்சியில் வயிறு நிரம்புமா? ஒரு சத்தம் போட்டேன். தலையணை உறையில் ஓரமாகக் காபிக்கறை மாதிரி ஒன்று. அன்று வந்தபோதே எனக்குத் தெரியாமல் பாப்பாத்தி அக்கா சாக்லேட் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

"சாக்லேட் தின்னயா?"

தலையணையைத் திருப்பிப் போட்டாள்.

"தின்னுட்டு வாயத் தொடச்சுட்டுப் படுக்கறதுக்கு என்ன? உறைய யாரு தொவைக்கறது?"

தலையைக் குனிந்துகொண்டாள். இவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது, அதனால் பேச மாட்டாள். ஆறு வயசில் பொங்கலன்று கரும்பு தின்றுவிட்டுச் சக்கையைத் தெருவில் துப்பினாள். தெருவே பார்க்க, குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்க வைத்தேன். சானிட்டரி இன்ஸ்பெக்டர் பிள்ளையே துப்பினால் ஊர்க்காரனை எந்த வாயால் கேட்பது? அன்றிலிருந்து அவள் எங்கும் துப்பி நான் பார்த்ததில்லை. பல் விளக்கும்போதுகூடக் கதவைச் சாத்திக்கொள்வாள். பிள்ளை வளர்ப்பது என்றால் அப்படி வளர்க்க வேண்டும். இந்தச் சாக்லேட் விஷயம் அக்காவின் வேலை.

சுகுணா ஏழரைக்கு வந்தாள். நூற்று இருபது தாளாம், கண் சிவந்திருந்தது.

"முழுங்கறாளா?"

"நல்லா முழுங்கறா. எண்ணிப் பாத்தேன்."

"அப்பாடா" என்றாள். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையின் தலையைத் தடவிவிட்டு, சாப்பிடாமலே படுத்துவிட்டாள்.

ஏப்ரல் 25, வெள்ளி

மணி 5.40. தியேட்டர் வாசல். கனி உள்ளே இருக்கிறாள்.

ஏப்ரல் 26, சனி

எழுதித்தான் ஆக வேண்டும். நடந்ததை நடந்தபடி எழுதுவதுதான் இந்த டைரி.

நேற்று மூன்று மணிக்கு நான் வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தேன். நிமிஷத்துக்கு ஒன்பது. அதை எழுதிக்கொண்டிருக்கும்போது கனி எழுந்தாள். முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினாள். போகும் வழியில் ஒரு சொட்டு கீழே சிந்தவில்லை. உள்ளே போய்த்தான் கையை எடுத்தாள்.

முதலில் கறுப்பாக வந்தது, காபி வண்டல் மாதிரி. கஞ்சிக் கிண்ணம் அளவு. அப்புறம் சிவப்பு. புது ரத்தம், கட்டி கட்டியாக.

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் என்ன செய்தாள் தெரியுமா? மக்கை எடுத்துத் தண்ணீர் மொண்டு கழுவ ஆரம்பித்தாள். "கழுவிருறேங்கப்பா, கழுவிருறேன்" என்றாள். வாயிலிருந்து ரத்தம் தாடை வழியாக ஒழுகுகிறது, பிள்ளை தரையைக் கழுவுகிறாள்.

தூக்கிக்கொண்டு ஓடினேன். எதிர்வீட்டுக் காரில்தான் போனோம். வழியெல்லாம் "துப்பு சாமி, துப்பு" என்கிறேன். மாட்டேன் என்று தலையாட்டுகிறாள். அடுத்தவர் கார். முழுங்கிக்கொண்டே வந்தாள். அந்தத் தொண்டை ஏறி இறங்கியதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு நாளாக வாட்சை வைத்துப் பார்த்ததும் அதைத்தான்.

டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எப்ப இருந்து அடிக்கடி முழுங்கிட்டு இருக்கா?"

"நேத்துக் காலையில இருந்துங்க. பத்தரைக்கு நிமிஷத்துக்கு நாலு. பன்னெண்டுக்கு அஞ்சு. இன்னிக்கு ஒம்பது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எண்ணிட்டு இருந்தீங்களா?"

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன், கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

"ரத்தம் உள்ள கசிஞ்சா கொழந்தைங்க முழுங்கிட்டேதான் இருப்பாங்க சார். வெளிய தெரியாது. அதுதான் எங்களுக்கு ஒரே அடையாளம். அதுக்குத்தான் பாக்கச் சொல்றது" என்றார். பிறகு டிரேயை நீட்டி, "துப்பு பாப்பா" என்றார்.

கனி டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"துப்பு" என்றேன். கொஞ்சமாகத் துப்பிவிட்டு மறுபடி என்னைப் பார்த்தாள். "இன்னும் துப்பு சாமி, நல்லாத் துப்பு" என்றேன். ஒவ்வொரு தடவையும் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் சொன்னேன். அங்கே நாலு பேர் நின்றார்கள்.

மயக்கம் கொடுத்து, கசிந்த இடத்தைச் சுட்டு அடைத்தார்கள். ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். ஏழு மணிக்கு வெளியே கொண்டுவந்தார்கள்.

சுகுணா முகாமிலிருந்து நேராக வந்தாள், விரலில் சிவப்பு மை. அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அத்தனை கோபம். எல்லாரும் பார்க்கக் கத்தினேன். "நீதானடி சொன்ன, அடிக்கடி முழுங்கறாளான்னு பாருங்கன்னு? நான் பாத்தேன்! நீ ஒழுங்காச் சொல்லியிருந்தா..."

"சொன்னேன்" என்றாள். "ஏன்னு சொல்ல வந்தேன். நீங்க விட்டீங்களா?"

அவ்வளவுதான் பேசினாள். பிள்ளையின் கட்டில் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

கனி கண் விழித்திருந்தாள். சுகுணா இட்லி வாங்கக் கீழே போயிருந்தாள். கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டேன்.

"மொத மொத எப்ப சாமி ரத்தம் வந்துச்சு?"

"வியாழக்கெழம காத்தாலங்க. எந்திரிக்கறப்பவே வாயில உப்பா இருந்துச்சு."

வியாழன் காலை. கண்டிப்புக்குப் பலன் என்று நான் எழுதிய நாள். தலையணைக் கறைக்கு நான் சத்தம் போட்ட நாள்.

"ஏஞ்சாமி சொல்லல?"

போர்வை நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"துப்புனா வைவீங்க. சொன்னா துப்பிக் காட்டச் சொல்லுவீங்கன்னு நெனச்சேன். அதான் முழுங்கிட்டேன்."

"ரத்தத்தப் பாத்துப் பயமா இல்லியா?"

"இருந்துச்சுங்க. அது கொஞ்சந்தான்."

இந்த ஒரு வாரத்தில் நான் யார் யாரைத் திட்டியிருக்கிறேன் என்று முன்பக்கங்களைப் புரட்டினேன். பான்பராக்காரன், சிஸ்டர், டாக்டரம்மா, அக்கா, முகாம் அதிகாரி, சுகுணா. ஒன்றுமில்லாத வெள்ளைத் திட்டுக்கும் காது வலிக்கும் ஊரைக் கூட்டினேன். உண்மையான ஆபத்து எதிரே உட்கார்ந்து தொண்டையை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தபோது மார்க் போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வருகிறது. கடைசிப் பக்கத்துக் கட்டத்தைக் கிழிக்கலாம் என்று கை போனது. கிழிக்கவில்லை. செய்ததைக் கிழித்துப் போடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

என் பிள்ளைக்குச் சாவைவிட என்னிடம் பயம் அதிகம். எழுதிவிட்டேன். இதைவிடத் தெளிவாக எழுத எனக்குத் தெரியவில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

வீடு. சுகுணா முகாமுக்குப் போகவில்லை; மெமோ வந்தால் வரட்டும் என்றாள். அவள் வாயில் இந்தப் பேச்சை முதல் தடவை கேட்கிறேன்.

ஃபைலிலிருந்து அந்தத் தாளை எடுத்துப் படித்தேன். மூன்றாவது வரியில் இருக்கிறது. பிள்ளை அடிக்கடி முழுங்கினால், தூக்கத்திலும் முழுங்கினால், ரத்தம் கசியலாம், உடனே வரவும். சின்னச் சின்ன இங்கிலீஷ் வார்த்தைதான். நாலாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரியும்.

ஏப்ரல் 30, புதன்

அக்கா வந்தாள், ஆறின ரசத்தோடு. சாக்லேட் கொடுத்ததாக நான் நினைத்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "நீயா? மன்னிப்பா? ஒடம்பு கிடம்பு செரியில்லையா தம்பி?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

கனி என்னிடம் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறாள். அம்மாவிடம் பேசுகிறாள். நான் உள்ளே போனால் நின்றுவிடுகிறது.

மே 2, வெள்ளி

டூட்டிக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டில் துப்பினவன் ஒருவனுக்கு அபராதம் போட்டேன். அது வேறு, இது வேறு. போட்டுவிட்டு எப்போதும் பேசுகிற பேச்சைப் பேசவில்லை. ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். "சாருக்கு என்ன ஆச்சு?" என்று துப்புரவு மேஸ்திரி கேட்டான். அவனை மட்டும் திட்டினேன்.

மே 4, ஞாயிறு

பதினைந்தாம் நாள். நேற்று டாக்டரம்மா பார்த்து, புண் ஆறிவிட்டது, எதையும் சாப்பிடலாம் என்றார். ராத்திரி குறட்டை இல்லை.

இன்று காலை தட்டில் இரண்டு இட்லி. அரை மணியாகப் பிய்த்துப் பிய்த்து வைக்கிறாள், வாய்க்குப் போகவில்லை. ஞாயிறானாலும் எனக்கு ஆபீஸ் வேலை கிடந்தது. வாய் சும்மா இருக்குமா? "தட்டுல என்ன ஆராய்ச்சி நடக்குது? சாப்புட்டு எந்திரி" என்று குரல் ஏறிவிட்டது.

"வையாதீங்க" என்றாள்.

என்னைப் பார்த்து அப்படி யாரும் சொன்னதில்லை. சுகுணா சொன்னதில்லை, கமிஷனர் சொன்னதில்லை. அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. எனக்குக் காது சூடானது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கனியும் தட்டின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். ஆனால் எழுந்து போகவில்லை. வாயைத் திறந்து, விரலை விட்டு, பக்கத்துப் பல் ஒன்றை ஆட்டிக் காட்டினாள்.

"இது ஆடுதுங்கப்பா. கடிச்சா வலிக்குது. அதான் மெதுவாத் திங்கறேன்."

"எப்ப இருந்து?"

"நேத்து இருந்து. விழுந்தா ரத்தம் வரும். வந்தா துப்புவேன்."

துப்பலாமா என்று கேட்கவில்லை. துப்புவேன் என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தையும் பார்க்கவில்லை, இட்லியைச் சட்னியில் தோய்த்து அந்தப் பக்கப் பல்லால் மெல்ல ஆரம்பித்தாள்.

சரி என்றேன்.